வாழைமர நோட்டு

(கோலியனூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்த ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்கு வருவதற்கு முன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தத் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதிலேயே பெரிய வீரன் யாருப்பா?" ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தேசிங்கு ராஜா" என்றான்.

விழுப்புரத்துப் பிள்ளை வேறு யாரைச் சொல்லும்? இங்கே கூட்டுரோட்டுக்குப் போய் பஸ் ஏறினால், விழுப்புரத்தில் ஒரு பஸ் மாறி செஞ்சிக் கோட்டை வாசலில் இறங்கிவிடலாம். நானும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான். அடங்காத குதிரை பாராசாரியை அடக்கியவன். ஆற்காட்டு நவாபின் படை வந்தபோது, கல்யாண மேடையிலிருந்து எழுந்துவந்து கூட நின்ற முஸ்லிம் நண்பன். 1714-இல் இருபத்திரண்டு வயதில் களத்தில் விழுந்தவன். அவனோடு தீயில் இறங்கிய ராணி. அந்த ராணியின் பெயரால்தான் ராணிப்பேட்டை. கூத்தில் தேசிங்கு சாகிற இடம் வரும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீருக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் வயது ஏற ஏற எனக்குள் ஒரு கேள்வி வளர்ந்தது. தேசிங்கு சண்டை போட்டது ஒரு நாள். அதற்கு முன்னால் அதே செஞ்சியில் இன்னொன்று நடந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698-இல். இடையில் படை விலகியதும் உண்டு, திரும்பி வந்ததும் உண்டு. ஆனாலும் ஏறத்தாழ எட்டு வருஷம் இந்த வட்டாரத்தின் தலைமேல் ஒரு படை உட்கார்ந்திருந்தது. முற்றுகை தொடங்கிய வருஷம் பிறந்த குழந்தை, முடிந்தபோது திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதும் வயதுக்கு வந்திருக்கும். அந்தப் பிள்ளை எட்டு வருஷம் என்ன சாப்பிட்டது? படைக்குத் தீவனம் கேட்டு வந்தபோது அதன் அம்மா விதை நெல்லை எந்தப் பானையில் போட்டு எந்த மண்ணுக்குள் புதைத்தாள்? எங்கே புதைத்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? யாராவது மிரட்டிக் கேட்டபோது வாயைத் திறந்ததா, திறக்கவில்லையா?

இதை யாரும் பாடவில்லை. குதிரையும் வாளும் பாட்டுக்குள் வந்தன. விதை நெல் வரவில்லை.

இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். போர் நடக்கும் நாளில் காட்டும் வீரம் ஒன்று. அன்னியப் படை ஊருக்குள் வந்து தங்கிவிட்ட பிறகு, காலையில் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய், பள்ளிக்கூடம் போய், அந்தப் படைக்காரன் முகத்திலேயே விழித்துக்கொண்டு வாழவேண்டிய காலத்தில் காட்டும் வீரம் இன்னொன்று. இந்த இரண்டாவது வீரத்தில்தான் குழந்தைகளுக்குப் பங்கு இருக்கிறது. உலகத்தின் நல்ல சிறுவர் நாவல்கள் சில அதைப் பிடித்திருக்கின்றன. நாம் அதை வாழ்ந்திருக்கிறோம். நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டோம்.

ஒரு கதை சொல்கிறேன். பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள்.

டென்மார்க் ஒரு சின்ன நாடு. 1940 ஏப்ரல் 9-ஆம் தேதி ஹிட்லரின் படை அதற்குள் நுழைந்தது. மூன்று வருஷம் கழித்து, 1943-இல், அங்கிருந்த யூதர்களைப் பிடித்துக்கொண்டு போகத் திட்டம் போட்டார்கள். சேதி முன்கூட்டியே கசிந்துவிட்டது. சாதாரண டேனிஷ் மக்கள் அந்தக் குடும்பங்களைத் தங்கள் வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒளித்துவைத்து, மீன்பிடிப் படகுகளில் ஏற்றி எதிர்க்கரையிலிருந்த ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் ஏழாயிரம் பேருக்கு மேல் தப்பினார்கள். இது வரலாறு.

லோயிஸ் லோரி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1989-இல் இதை வைத்து ஒரு நாவல் எழுதினார். 'நம்பர் த ஸ்டார்ஸ்' என்று பெயர். கதாநாயகி அன்னமேரி, பத்து வயது. அவளுடைய உயிர்த்தோழி எல்லன் ஒரு யூதச் சிறுமி. ஒரு ராத்திரி எல்லன் இவர்கள் வீட்டில், இவர்கள் மகள்போலப் படுத்திருக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. சிப்பாய்கள். எல்லன் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி; அதில் அவள் மதத்தின் நட்சத்திரம். கழற்ற முயல்கிறாள், கொக்கி வரவில்லை. காலடிச் சத்தம் அறைக்கு வெளியே கேட்கிறது. அன்னமேரி அந்தச் சங்கிலியைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்துக் கைக்குள் மூடிக்கொள்கிறாள். சிப்பாய்கள் போன பிறகு கையை விரித்துப் பார்த்தால், உள்ளங்கையில் அந்த நட்சத்திரம் அச்சாகப் பதிந்திருக்கிறது.

அந்த இடத்தைப் படிக்கும்போது நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன். படிக்கிற எந்தப் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும்.

பின்னால் இன்னொரு இடம். கடலோர ஊர். விடியற்காலை. படகில் கொடுக்கவேண்டிய ஒரு பொட்டலம் கைதவறி வழியிலேயே விழுந்துவிட்டது. அம்மாவுக்குக் கால் ஒடிந்திருக்கிறது. அன்னமேரிதான் ஓடவேண்டும். ஒரு கூடையில் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வைத்து, அடியில் பொட்டலத்தை வைத்து, காட்டுப் பாதையில் ஓடுகிறாள். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பெண் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கவேண்டும். நாய்களோடு சிப்பாய்கள் மறிக்கிறார்கள். அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? தன் குட்டித் தங்கச்சியைப்போல நடிக்கிறாள். ஒன்றும் தெரியாத, வாயாடியான, கொஞ்சம் அசட்டுச் சிறுமியாகிறாள். ரொட்டியை அவர்கள் நாய்க்குப் போடும்போது அழுகிறாள். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே வெறும் கைக்குட்டை. அதில் நாயின் மோப்பத்தை மழுங்கடிக்கும் மருந்து தடவியிருந்தது என்பது அவளுக்கே பிறகுதான் தெரியவருகிறது. டேனிஷ் படகோட்டிகள் அப்படி ஒரு கைக்குட்டையை நிஜமாகவே பயன்படுத்தினார்கள்.

கவனித்துப் பாருங்கள். அவள் யாரையும் அடிக்கவில்லை. ஒரு வீர வசனம் பேசவில்லை. கூடையில் என்ன இருக்கிறது என்றுகூட முழுசாகத் தெரியாது. கை நடுங்குகிறது. நடுங்கும் கையோடு கூடையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

டென்மார்க் எங்கேயோ இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் வருகிறேன். கொரியாவை ஜப்பான் 1910 முதல் 1945 வரை ஆண்டது. கடைசி ஆண்டுகளில் கொரியர்கள் தங்கள் பெயரையே விட்டு ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஆணை வந்தது. லிண்டா சூ பார்க் 2002-இல் எழுதிய ஒரு சிறுவர் நாவலில், சுன்-ஹீ என்ற சிறுமி கியோகோ ஆகிறாள். பள்ளியில் அந்தப் பெயர், வீட்டுக்குள் மட்டும் சொந்தப் பெயர். கொரியர்களின் நாட்டு மலர்ச் செடியைப் பிடுங்கிப்போடச் சொல்கிறார்கள். அம்மா ஒரே ஒரு கன்றை மட்டும் கொட்டகைக்குள் ஒளித்துவைத்து உயிரோடு காப்பாற்றுகிறாள். ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது தேசத்துரோகம் என்று சொல்லும் காலம் எப்படிப்பட்டது என்று ஒரு குழந்தைக்குப் புரியவைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த நாவலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. சுன்-ஹீயின் சித்தப்பா ரகசியமாக அச்சு வேலை செய்கிறார். ஒரு ஜப்பானியப் பையன் அவளிடம் ஒரு எச்சரிக்கை சொல்கிறான். அது சித்தப்பாவைப் பற்றியது என்று எண்ணி அவள் ஓடிப்போய்ச் சொல்கிறாள். அவர் ஊரைவிட்டுத் தலைமறைவாகிறார். கடைசியில் பார்த்தால், அந்தப் பையன் சொன்னது வீட்டிலிருக்கும் பித்தளை, இரும்புச் சாமான்களைப் பறிக்க வருகிறார்கள் என்பதைத்தான். அவள் தைரியமாகத்தான் நடந்துகொண்டாள். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டாள். வீரம் காட்டிய பிள்ளைக்கு எப்போதும் வெற்றி கிடைக்கும் என்று நாம் கதை சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்த ஆசிரியர் குழந்தையிடம் பொய் சொல்லவில்லை.

இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானியப் புத்தகத்தைப் படிக்காத ஆசிரியர் இருக்கமாட்டார் என்று நம்புகிறேன். ரயில் பெட்டியில் நடந்த பள்ளிக்கூடம், கோபயாஷி மாஸ்டர், எல்லாம் நமக்கு நெருங்கிய சொந்தமாகிவிட்டன. அதில் ஒரு சின்ன அத்தியாயத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். டோட்டோவின் அப்பா வயலின் வாசிப்பவர். போர்க்காலம், வீட்டில் சோற்றுக்கே தட்டுப்பாடு. ஆயுதத் தொழிற்சாலைகளில் போய் ராணுவப் பாட்டு வாசித்தால் அரிசியும் சர்க்கரையும் கிடைக்கும் என்கிறார்கள். அவர் வாசிக்கவில்லை. பசியோடு இருந்த அந்தக் குழந்தை அப்பாவின் முடிவை ஏற்றுக்கொள்கிறது. பிற நாடுகளை ஆக்கிரமித்திருந்த ஜப்பானிலேயே, டோக்கியோவில் ஒரு வீட்டில் இப்படி ஒன்று நடந்தது. எதிரி தேசம் என்று ஒன்றை மொத்தமாகக் கறுப்பு மையில் தீட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். அடுத்ததாகச் சொல்லப்போகும் கதையில் ஜப்பான்காரர்கள் வருகிறார்கள்.

இந்தக் கதையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

நம்முடைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து மலாயாவுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடாற்காடு, தென்னாற்காடு, இந்த ஜில்லாக்களிலிருந்துதான் கங்காணிமார்கள் ஆள் பிடித்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, ரப்பர் தோட்டத்து லயங்களில் குடியேறினார்கள். என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். 'மலாயாக்காரப் பாட்டி' என்போம். அங்கேயே பிறந்து, சண்டை முடிந்த பிறகு இங்கே வந்தவர். மல்லாட்டை உடைத்துக்கொண்டே பேசுவார். அவர் தகரப் பெட்டியில், ரசகற்பூர உருண்டை வாசம் அடிக்கும் புடவைகளுக்கு அடியில், ஒரு பணநோட்டு மடித்து வைத்திருந்தது. நம் ஊர் நோட்டு இல்லை. குலை தள்ளிய வாழைமரம் போட்ட நோட்டு.

அது ஜப்பான் அரசாங்கம் மலாயாவில் அச்சடித்துவிட்ட பத்து வெள்ளி நோட்டு. வாழைமர நோட்டு என்றுதான் ஜனங்கள் சொன்னார்கள். அடிக்க அடிக்க மதிப்பு குறைந்தது. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதம். பிள்ளைகள் விளையாடுவதற்கு ஆயிற்று. அந்த ஒரு நோட்டை மட்டும் பாட்டி கிழிக்காமல் வைத்திருந்தார். "எங்கப்பனோட கூலி" என்பார்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விட்டு ஓடிவிட்டார்கள். பால்மரம் வெட்டுவது நின்றது; கூலி நின்றது; பர்மா அரிசி வருவது நின்றது. மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைச் சோறானது. துணி கிடைக்காமல் சாக்கை வெட்டிக் கட்டினார்கள். கடிகாரத்தைக்கூட டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். பள்ளியில் பிள்ளைகள் ஜப்பானியப் பாட்டுப் பாடி, டோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனியவேண்டும். ரோட்டில் சிப்பாயைக் கண்டாலும் குனியவேண்டும். குனியாதவருக்குக் கன்னத்தில் அறை.

பிறகு சயாம் ரயில் வந்தது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு, காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சுமார் அறுபதாயிரம் பேர் அதில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது, சினிமா இருக்கிறது. ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சம் பேர் அளவுக்கு அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் செத்தவர்கள் தொண்ணூறாயிரம் பேர் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அடியுமாகப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. முதலில் நல்ல கூலி என்று ஆசைகாட்டிச் சேர்த்தார்கள். பிறகு ஆள் போதவில்லை என்று லாரியில் ஏற்றினார்கள்.

பாட்டியின் அப்பா முதல் ஆள்பிடிப்பில் தப்பி, தோட்டத்துக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள் பதுங்கிக்கொண்டார். பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவதுபோல ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் போவாராம். கூடைக்குள் தழை. தழைக்கு அடியில் ஒரு சின்னத் தூக்கு. தூக்கில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும், கிடைத்த அன்றைக்கு ஒரு கல் உப்பும். வழியில் ஒரு காவல் சிப்பாய் நிற்பான். பாட்டி அவன் முன்னால் குனியவேண்டும். குனிந்தால் கூடை சரியும். சரிந்தால் தூக்கு தெரிந்துவிடும். ஒன்பது வயதுப் பெண் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மட்டும் வளைத்துக் குனியக் கற்றுக்கொண்டது. எங்கள் திண்ணையில் எழுந்து நின்று முறத்தைத் தலையில் வைத்து அதைச் செய்துகாட்டியிருக்கிறார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

பிற்பாடு நான் அன்னமேரியின் கூடையைப் பற்றிப் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் சிரித்தோம் என்று நினைத்தேன். அப்பா கடைசியில் பிடிபட்டாரா, திரும்பி வந்தாரா, அந்த நோட்டு எந்தக் கூலி? ஒன்றையும் நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு பெட்டி பழைய இரும்புக்காரருக்குப் போனது. நோட்டும் அதோடு போயிருக்கும். அவர் இருந்த பத்து வருஷமும் அந்தத் திண்ணைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலடி தூரம். கேட்காமல் விட்டது என் பிழை. அதனால்தான் எந்த ஊருக்குப் பேசப் போனாலும் இதைச் சொல்கிறேன்.

தமிழில் யாரும் எழுதவில்லை என்று நான் சொல்லவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. ஜப்பான் பிடித்துவைத்திருந்த மேடானும் பினாங்கும் அதில் மூச்சுவிடுகின்றன. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இவையெல்லாம் பெரியவர்களுக்கான புத்தகங்கள். பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுக்கமுடியாது, கொடுக்கவும் கூடாது. அந்தப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அதன் கண்ணால் பார்த்து எழுதுவது தனி வேலை. நாங்கள் படித்த காலத்தில் சிறுவர்களுக்கு இரண்டாம் உலகப்போர் என்றால் காமிக்ஸ்தான். வெள்ளைக்காரச் சிப்பாய் ஜெர்மன்காரனைச் சுடுவான். அதிலே நம் ஆள் யாரும் இல்லை. தமிழன் செத்த சண்டையைத் தமிழ்ப் பிள்ளை அடுத்தவன் கண்ணால் பார்த்தது.

இப்போது நிலைமை மாறுகிறது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'க்கு 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் பிள்ளைகளுக்கே ஒரு கதை எழுதியிருக்கிறார். கஷ்டமான விஷயத்தைக் குழந்தைக்குச் சொல்லமுடியும் என்று தமிழ் எழுத்தாளர்கள் நிரூபித்துவிட்டார்கள். மரவள்ளிக்கிழங்குக் கூடையையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது என் ஆசை.

எழுதும்போது ஒரு சிக்கல் வரும். அதை மறைக்கக் கூடாது.

அதே 1943-இல், அதே மலாயாவில், நேதாஜி வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு உயிர் கொடுக்கிறார். ஜான்சி ராணிப் படை என்று பெண்களுக்கே ஒரு படை. தோட்டத்துப் பெண்களும் நகரத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். ஈப்போவில் பிறந்த ராசம்மா பதினாறு வயதில் சேர்ந்தார். பின்னாளில் ராசம்மா பூபாலன் என்ற பெயரில் கோலாலம்பூரில் தலைமையாசிரியையாகி மலேசியா முழுவதும் மதிக்கப்பட்டார். ஜானகி தேவர் சின்ன வயதிலேயே காதிலிருந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தவர். 2000-இல் நம் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. இவர்களுக்கு ஆக்கிரமிப்பாளன் வெள்ளைக்காரன். ஜப்பான், விடுதலைக்கு வழிவிடும் துணை. அடுத்த லயத்தில் இருக்கும் ஒன்பது வயதுப் பெண்ணுக்கோ ஜப்பான்காரன் அப்பனைத் தேடி வருகிறவன்.

இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே கதையில் உட்காரவையுங்கள். ஒரே கிணற்றடியில் தண்ணீர் சேந்தட்டும். ஒருத்தியின் அக்கா சீருடை போட்டுக்கொண்டு சிங்கப்பூர் முகாமுக்குப் போகிறாள். இன்னொருத்தியின் அப்பா காட்டில் பதுங்கியிருக்கிறார். இரண்டு பேரும் சிநேகிதிகள். என்ன பேசிக்கொள்வார்கள்? யார் சொல்வது சரி என்று எழுத்தாளர் தீர்ப்புச் சொல்லவேண்டாம். படிக்கிற பிள்ளை யோசிக்கும். நம் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக யோசிக்கின்றன.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். இதைச் சொல்லும்போது சிலருக்கு மனம் சங்கடப்படலாம்.

நம் மாவட்டத்தின் கடலோரத்தில் கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில், ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம். அகதி முகாம் என்ற பெயரை 2021-இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கே போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் 'பங்கர்' என்ற சொல்லுக்கு வந்துவிடும். வீட்டு வளவுக்குள் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பதுங்குகுழி. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. சின்ன போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அதில் கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து, மெல்லிய திரி வைத்த விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு பிள்ளை பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ பாட, வீடே சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்டது.

அந்தச் சைக்கிளைச் சுற்றிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கை வலிக்கிறது. நிறுத்தினால் செய்தி நின்றுவிடும். அண்ணன் இருக்கும் ஊரின் பெயர் அடுத்த வரியில் வரலாம், வராமலும் போகலாம். ஒரு முழு நாவலுக்கு அந்த ஒரு காட்சி போதும்.

அதே யாழ்ப்பாணத்தில் 1987 முதல் 1990 வரை இருந்த படை எது? நம்முடைய இந்தியப் படை. அமைதி காக்கப் போனது. அங்கே போன நம் ஊர்ச் சிப்பாய்களும் செத்தார்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் அழுதன. ஆனால் அங்கே ஒரு தெருவில் இருந்த தமிழ்ச் சிறுமிக்கு, கதவைத் தட்டிய சிப்பாய் நாம் பள்ளிக்கூடத்தில் வணங்கும் கொடியின் கீழ் வந்தவன். இதை நாம் நம் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? கீழ்ப்புத்துப்பட்டு முகாம் பிள்ளையும் உள்ளூர்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும்போது, ஒருவர் பாட்டி சொன்ன கதை இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது சரியா? சொல்லவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரையும் தூற்றாமல், ஒரு கதவு, ஒரு தட்டல், உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளை, அந்த அளவில் உண்மையாகச் சொன்னால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எழுதுகிறவர்கள் மிகக் கவனமாக இருக்கவேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வீரக்கதை ஆபத்தான பொருள். அதைக் குழந்தையின் கையில் துப்பாக்கி கொடுக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மலாயாவில் சிறுவர்களுக்குப் பாலசேனை அமைத்தார்கள். ஈழத்தில் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளை விடுதலைப் புலிகள் படைக்குச் சேர்த்தார்கள். கடைசி வருஷங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இழுத்துக்கொண்டே போனார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். ஒளித்துவைத்த அந்த அம்மாவின் வீரத்தையும் எழுதுங்கள். சிறுவர் கதையில் வரும் பிள்ளை கூடையைத் தூக்கட்டும், சேதி சொல்லட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும், பயந்து அழட்டும், ஒரு பொய் சொல்லட்டும். சுடவேண்டாம். சாவதை அழகாகக் காட்டவேண்டாம். எழுத்தாளருக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்ளவேண்டும்.

பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி எழும். இவ்வளவு துன்பத்தைப் பிள்ளைக்கு ஏன் சொல்லவேண்டும், பயந்துவிடாதா? நியாயமான கேள்வி. லோரியின் நாவலில் வதைமுகாம் ஒன்றுகூட வரவில்லை. ரத்தக்களரி வரவில்லை. உள்ளங்கையில் பதிந்த நட்சத்திரம் வருகிறது. குழந்தைக்குத் தேவையான அளவு தெரிந்துவிடுகிறது. அதற்குமேல் இருப்பதை வயது வரும்போது அது தானே தேடிப் படிக்கும். சயாம் காட்டில் நடந்ததை முழுக்க எழுதவேண்டியதில்லை. கூடை சரியாமல் குனியக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணை எழுதினால், அந்தக் காடு எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

நேரம் ஆகிவிட்டது. வளவனூர்ப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸுக்கு எழுந்திருக்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன்.

வாசலில் மேசைமேல் அறுபது பக்க நோட்டுகள் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் மூத்தவர் யாராவது ஒருவரிடம் போய் உட்காருங்கள். மலாயாவோ, பர்மாவோ, சைகோனோ, யாழ்ப்பாணமோ, இல்லை, இந்த ஊரைவிட்டே போகாதவராகவும் இருக்கலாம். "பயமா இருந்த காலத்துல நீங்க எதை ஒளிச்சு வச்சீங்க பாட்டி?" என்று கேளுங்கள். சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். எங்கே ஒளித்தார்கள், எதில் சுற்றினார்கள், அப்போது யார் கூட இருந்தார்கள், எல்லாம் கேளுங்கள். பாட்டி எழுந்து நின்று செய்துகாட்டினால், சிரிக்காமல், கை எப்படி இருந்தது, இடுப்பு எப்படி வளைந்தது என்று பார்த்து எழுதுங்கள்.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி வருகிறேன். நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். தேசிங்கு ராஜா பெயரைச் சொன்ன தம்பிதான் முதலில் வாசிக்கவேண்டும்.